‘எவரால்?’ என வினவும் அன்னையர்

ஒரு வினைச்சொல்லுக்குள்ளே ஒரு பெரும் வழக்கு மறைந்து கிடத்தல் கூடும் என்பதை வன்னி நிலத்துத் தாய்மார் நமக்குக் கற்பித்திருக்கின்றனர். 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்வழித் தோன்றிய நிறுவனத்திற்குத் தமிழில் இடப்பட்ட பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்பது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தெருவோரத்திற் கொட்டகை அமைத்து அமர்ந்த பெண்கள் தம் சங்கத்திற்கு இட்ட பெயரோ ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சங்கம்’ என்பது. இரு பெயர்களும் ஒரே மக்களைத்தான் குறிக்கின்றன. ஆயினும் இரண்டிற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் நன்கறிவர்.

போதல் என்பது போகின்றவனுடைய செயல். திருவிழாக் கூட்டத்திற் குழந்தை காணாமற் போகும். மேய்ச்சலுக்குச் சென்ற மாடு காணாமற் போகும். அங்கே பிறர் ஒருவரைக் குற்றங் கூற இடமில்லை. ‘ஆகு’ என்னும் தன்வினையை ‘ஆக்கு’ எனப் பிறவினையாக்கி, அதன்மேற் செயப்பாட்டு வினைக்குரிய ‘படு’ என்பதை ஏற்றி, ‘வலிந்து’ என்னும் எச்சத்தையும் முன்னே நிறுத்தியவுடன், செய்தவன் ஒருவன் உளன் என்பது தானே பெறப்படுகின்றது. ‘கண்ணனால் மாடு கட்டப்பட்டது’ என்று கரும்பலகையில் எழுதி, ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு வினைமுதலைக் காட்டும் என்று மாணவர்க்கு நாம் சொல்லுகின்றோம். ‘கண்ணனால்’ என்ற சொல்லை அழித்துவிட்டாலும் வாக்கியம் நிரம்பியதுபோலவே நிற்கும். செயப்பாட்டு வினையின் வசதி அது. ‘கைது செய்யப்பட்டனர்’, ‘விசாரிக்கப்பட்டனர்’, ‘காணாமல் ஆக்கப்பட்டனர்’ என்று அரச அறிக்கைகள் இவ்வசதியைப் பெரிதும் துய்த்து வருகின்றன. வன்னித் தாய்மார் கேட்பது அழிக்கப்பட்ட அந்த ஒரு சொல்லைத்தான். எவரால்?

இக்கேள்வி வீதிக்கு வந்த நாட்களை முதலிற் குறித்துக்கொள்வோம். 2017 சனவரி 23ஆம் நாள் வவுனியாவிற் சில உறவினர் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினர். அரசாங்கத்தின் சார்பிற் பேச்சுக்கு உறுதி கூறப்பட்டதனால் மூன்று நாளில் அந்நோன்பு நின்றது. பெப்ரவரியிற் கொழும்பில் நிகழ்ந்த சந்திப்பு அவர்களுக்கு யாதொரு விடையும் தரவில்லை. பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசாமி கோவில் முன்றலில், ஏ9 பெருந்தெருவின் ஓரத்தில், கொட்டகை எழுந்தது. நான்கு நாட்களின் பின் வவுனியாவிலும், மார்ச் 8ஆம் நாள் முல்லைத்தீவிலும் அவ்வாறே எழுந்தன. மருதங்கேணியும் திருகோணமலையும் அதே மாதத்திற் சேர்ந்துகொண்டன. மார்ச் 8 அனைத்துலகப் பெண்கள் தினம் என்பதை வாசகர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. தொடங்கியபோது சில வாரங்களில் முடியும் என்று எண்ணியோரே பலர். எட்டாண்டுகளைக் கடந்தும் அது நீண்டிருக்கின்றது. அக்காலத்துள் நான்கு ஜனாதிபதிகள் ஆட்சிப் பீடத்தில் இருந்திருக்கின்றனர்.

தகரமும் தறப்பாளும் வேய்ந்த அக்கொட்டகைகளிற் கண்ணிற்கு முதலில் தோன்றுவன புகைப்படங்கள். பாடசாலை அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்டவை சில. திருமணப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டியெடுத்தவை சில. வெயில்பட்டு அவற்றின் நிறம் மங்கிவிட்டது. படத்தில் இருப்பவனுக்கு என்றும் இருபது வயது. படத்தை ஏந்துகின்றவளுக்கோ ஆண்டுதோறும் தலை நரைக்கின்றது. வருங்காலத்தில் இப்படத்தை நோக்கும் ஒருவர், பாட்டி ஒருத்தி தன் பேரனைத் தேடுகின்றாள் என்று எண்ணினாலும் வியப்பில்லை.

காணாமல் ஆக்கப்படுதல் என்பது இந்நாட்டிற் பல காலத்தும் பல இடத்தும் நிகழ்ந்தது. வெள்ளை வாகனங்களிற் கடத்தப்பட்டோர், சோதனைச் சாவடிகளில் இறக்கப்பட்டோர், சுற்றிவளைப்பிற் பிடிக்கப்பட்டோர் எனப் பல வகையினர் உளர். 1980களின் பிற்பகுதி தொடங்கி இத்தீவு முழுவதிலும் இவ்வாறு மறைந்தோர் 60,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று அம்னஸ்டி இன்டர்நெஷனல் மதிப்பிடுகின்றது. இவற்றுள் வன்னியின் நிகழ்ச்சிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 2009 மே மாதம் 18ஆம் நாள் முல்லைத்தீவு வட்டுவாகலில் நிகழ்ந்தது கடத்தல் அன்று, கையளிப்பு. இயக்கத்தில் ஒருநாள் இருந்தவராயினும் சரணடைக, விசாரித்து விடுவிப்போம் என்று அறிவிக்கப்பட்டது. பெற்றோர் அழைத்துச் சென்றனர். மனைவியர் உடன் சென்றனர். சிலர் கைக்குழந்தைகளோடு சென்றனர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரும் குருவுமான பிரான்சிஸ் யோசப் அடிகளார் முன்னின்று, சரணடைவோரின் பெயர்களைப் பதிவுசெய்ய உதவினார் என்று கண்டவர்கள் சாட்சி கூறியிருக்கின்றனர். பேருந்துகளில் ஏற்றப்பட்டோரை அதன்பின் உறவினர் கண்டிலர். அடிகளாரும் திரும்பவில்லை.

ஆகவே இத்தாய்மாரிற் பலருக்கு ‘எவரால்?’ என்னும் வினா அறியாமையாற் பிறந்ததன்று. எந்த இடத்தில், எந்த நாளில், எந்தச் சீருடையினரிடம் ஒப்படைத்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும். தாம் அறிந்ததனைப் பெற்றுக்கொண்டவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. கையிற் பற்றுச்சீட்டு இல்லாமற் போயிற்று என்பதொன்றே அவர்கள் செய்த பிழை. பெற்ற பிள்ளையை ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டுக் கேட்கவேண்டும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

பெற்றுக்கொண்டவர் கூறிய விடை இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்திரிகையாளர் ஒருவர் கேட்ட கேள்விக்கு 2019ஆம் ஆண்டு இராணுவம் அளித்த மறுமொழியில், புலிகள் எவரும் இராணுவத்திடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தனர் என்று கூறப்பட்டிருந்தது. அரசாங்கம் வேறு, இராணுவம் வேறு என்னும் இந்நுண்ணிய அத்துவைத மறுப்பை எந்தத் தருக்க நூலும் இதுவரை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. சரணடைந்தோர் பட்டியலைத் தருமாறு தாய்மார் கேட்டனர். 2017 மே 30ஆம் நாள், போராட்டத்தின் நூறாவது நாளில், கிளிநொச்சியில் அவர்கள் ஏ9 தெருவை மறித்து நின்றனர். அதன் பயனாக அடுத்த மாதம் 12ஆம் நாள் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் அவர்களைச் சந்தித்தார். பட்டியலை வெளியிட ஆவன செய்வதாக உறுதி கூறினார். பட்டியல் வரவில்லை.

ஆணைக்குழுக்களுக்குக் குறைவில்லை. 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவிற்குப் பொதுமக்களிடமிருந்து மட்டும் 19,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் சென்றன. அதற்கு முன்னரே, 2011 சனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை அரசின் கச்சேரிக் கணக்குகளையே எடுத்துக்காட்டி, வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்று நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் எழுத்தில் அளித்தார். ஒவ்வோர் ஆணைக்குழுவின் முன்னும் அதே தாய் அதே படத்தோடு சென்று அதே கதையைச் சொன்னாள். சாட்சியம் கூறுவதையே ஒரு தொழிலாக்கிவிட்டது இந்நாடு. 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், சரணடைந்த ஒருவர் தொடர்பான ஆட்கொணர்வு மனுவில் இராணுவமே பொறுப்புக் கூறவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மனுத் தாக்கல் செய்யப்பட்ட ஆண்டு 2013.

இனி இவ்விடயத்தில் என் நெஞ்சை மிகவும் பற்றி நிற்கும் பகுதிக்கு வருகின்றேன்.

நம் மரபில் இறப்புக்கு ஒழுங்கு உண்டு. எட்டுச் செலவு உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு. ஆட்டைத் திவசம் உண்டு. கீரிமலைக் கடலிற் சாம்பலைக் கரைத்தபின் துயருக்கு ஓர் எல்லை கிடைக்கின்றது. கத்தோலிக்கத் தாய்க்கு நவம்பர் 2ஆம் நாள் கல்லறையில் ஏற்ற ஒரு மெழுகுதிரி உண்டு. ஒப்பாரி என்பதும் அழுகையை ஒழுங்கில் அடக்கிய ஒரு கலையேயாகும். இறந்தவனை விளித்து, அவன் பெருமை கூறி, இனி வாரான் என்பதை ஊரறியச் சொல்லி முடிப்பது அது. இவற்றுள் ஒன்றையும் இத்தாய்மார் செய்திலர். செய்தால் பிள்ளை இறந்தான் என்பதைத் தம் வாயாலேயே கூறியதாகிவிடும். மனைவியர் பலர் தாலியையும் குங்குமத்தையும் அகற்றவில்லை. மங்கல நிகழ்ச்சிகளில் அவர்களைச் சுமங்கலிகளோடு நிறுத்துவதா, விலக்குவதா என்று அறியாமல் ஊர் திகைக்கின்றது. அந்தத் திகைப்பிலும் ஒரு கொடுமை உண்டு. அதற்கு அரசாங்கத்தை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது.

இந்நிலையில் அரசாங்கம் நீட்டியது ஒரு பத்திரம். 2016 சனவரியில், தைப்பொங்கல் விழாவிற்கு யாழ்ப்பாணம் வந்த அன்றைய பிரதமர், காணாமற்போனோரிற் பெரும்பாலோர் உயிருடன் இலர் என்ற பொருள்படப் பேசினார். 2020 சனவரியில் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச, ஐக்கிய நாடுகள் சபையின் வதிவிடப் பிரதிநிதியிடம், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், விசாரணையின்பின் இறப்புச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் கூறினார். இறந்தோர் என்றால் எங்கே, எப்போது, எவரால் என்ற மூன்று கேள்விகள் உடனெழும். சான்றிதழில் அவற்றுக்கு இடமில்லை. இதற்கிடையே, 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இறப்பைக் கூறாது ‘காணப்படவில்லை’ என்று மட்டும் சான்று கூறும் பத்திரமும் ஏற்படுத்தப்பட்டிருந்தது. 2022 மார்ச்சில் குடும்பத்திற்கு ஓர் இலட்சம் ரூபா வழங்க அமைச்சரவை இசைந்தது.

காணியுறுதியை மாற்றவும், வங்கிக் கணக்கை எடுக்கவும், பிள்ளைகளின் பாடசாலை அலுவல்களை முடிக்கவும் ஏதேனும் ஒரு கடிதம் வேண்டியிருக்கின்றது. வறுமை காரணமாக அதனைப் பெற்றுக்கொண்ட குடும்பங்களைக் குறைகூறுதல் அறமாகாது. ஆயினும் பெரும்பாலான தாய்மார் அதனை மறுத்தனர். அதன் காரணத்தை உணர்தல் வேண்டும். இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியவள் தாய். அவள் கையெழுத்திட்ட அக்கணமே மகனின் இறப்புக்கு அவளே முதற் சாட்சியாகின்றாள். ஒப்படைத்ததும் அவள் கை, முடித்துவைத்ததும் அவள் கை என்று கோவை மூடப்படும். மற்றவர் பெயர் எங்கும் வராது. இதைத்தான் அவள் மறுக்கின்றாள். ‘பாசத்தால் உண்மையை ஏற்க மறுக்கின்றனர்’ என்று படித்தவர் சிலர் இரங்கிப் பேசுவதைக் கேட்டிருக்கின்றேன். அவ்விரக்கம் அவர்களை மிகவும் குறைத்து மதிப்பிடுகின்றது. மகன் உயிரோடு இல்லாதிருக்கலாம் என்று இரவில் எண்ணாத தாய் அக்கொட்டகையில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். அறிவதற்கும் கையெழுத்திடுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை அவர்கள் தெளிந்திருக்கின்றனர்.

புறநானூற்றுத் தாயைப் பற்றி மேடைகளிற் பேசாத தமிழாசிரியர் இலர். காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறமுதுகிட்டான் என்ற பழிச்சொற் கேட்டு வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் பெயர்த்துப் பெயர்த்துத் தேடி, சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிது மகிழ்ந்தாள். மறக்குடி மகளிரின் வீரத்திற்கு இதனை எடுத்துக்காட்டுதல் வழக்கம். இன்று இதனைப் படிக்கும்போது வேறொன்று கண்ணிற் படுகின்றது. அவளுக்குக் களம் திறந்திருந்தது. அவள் தேடினாள், கண்டாள், எவரும் தடுக்கவில்லை. வன்னித் தாயின் களமோ முட்கம்பி இட்டு அடைக்கப்பட்டது. வீரத்தாய் என்னும் பட்டத்தை இவர்களுக்குச் சூட்டப் பலர் முந்துகின்றனர். பிள்ளையை வலிந்து படையிற் சேர்த்த இயக்கத்திடம் ஒருமுறை கெஞ்சி, போர் முடிந்தபின் அதே பிள்ளையை அரசபடையிடம் ஒப்படைத்து இழந்த தாய்மாரும் இவர்களுள் உளர் என்பதை அப்பட்டம் மறைத்துவிடும். 2008, 2009இல் வன்னியில் வாழ்ந்தோர் இதனை அறிவர். இறுதியிற் பெற்றுக்கொண்டவர் எவரோ அவரே விடை கூறவேண்டும் என்பது அதனாற் சிறிதும் தளர்வதன்று.

போராட்டத்தின்மீது வேறு குறைகளும் கூறப்படுகின்றன. மாவட்டந்தோறும் சங்கங்கள் பிரிந்து நிற்கின்றன. அரசியற் கட்சியினர் வந்து படமெடுத்துச் செல்கின்றனர். இவை பொய்யல்ல. வவுனியாவில் அமெரிக்கக் கொடியையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடியையும் தாய்மார் ஏந்தி நின்றபோது கொழும்பிற் சிலர் நகைத்தனர். பொலிஸ் நிலையம், சிறைச்சாலை, முகாம், ஆணைக்குழு, நீதிமன்றம், ஜனாதிபதி மாளிகை என்று தம் நாட்டின் கதவுகளையெல்லாம் தட்டி ஓய்ந்தவர் அயலான் கதவைத் தட்டுவதில் நகைப்பதற்கு என்ன உண்டு? 2015இல் ஜெனீவாவில் இலங்கை தானே இணைந்து நிறைவேற்றிய தீர்மானத்திலிருந்து 2020 பெப்ரவரியில் விலகிக்கொண்டபோது அக்கதவும் பாதி சாத்தப்பட்டது. உள்நாட்டிற் புலனாய்வாளர் தம்மைப் படமெடுப்பதும் விசாரிப்பதும் இவர்களுக்கு அன்றாட நிகழ்ச்சியாயின. 2024 சனவரியில் அன்றைய ஜனாதிபதி வவுனியா வந்தபோது, எதிர்ப்புத் தெரிவிக்க முயன்ற பெண்கள் கைது செய்யப்பட்டனர்.

தாய்மார் வீதிக்கு வருதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் திரளாகக் கைதானபோது அன்னையர் முன்னணி எழுந்து கச்சேரிக்கு ஊர்வலம் சென்றது. 1988இல் மட்டக்களப்பில், இந்தியப் படை நிலைகொண்டிருந்த காலத்தில், அன்னையர் முன்னணியைச் சேர்ந்த அன்னை பூபதி மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை உண்ணாதிருந்து உயிர் நீத்தார். தெற்கே, 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சிக்காலத்திற் சிங்கள இளைஞர் பல்லாயிரவர் மறைந்தபின், 1990இல் மாத்தறையில் அன்னையர் முன்னணி ஒன்று தோன்றியது. அத்தாய்மார் தெய்வங்களின் முன் தேங்காய் உடைத்து ஆட்சியாளரைச் சபித்தனர். அம்முன்னணியை அமைப்பதில் முன்னின்ற பாராளுமன்ற உறுப்பினர் இருவர்: ஒருவர் மங்கள சமரவீர, மற்றவர் மகிந்த ராஜபக்ச. 1990 செப்டெம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் ஆவணங்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு ஜெனீவாவிற்குப் புறப்பட்ட ராஜபக்சவைக் கட்டுநாயக்க விமான நிலையத்திற் பொலிசார் மறித்து அவற்றைப் பறித்தனர். பத்தொன்பது ஆண்டுகளின்பின், வட்டுவாகலிற் பேருந்துகள் புறப்பட்ட நாளில், நாட்டின் ஜனாதிபதி அவரே. 2024இல் ஆட்சிக்கு வந்த ஜனாதிபதியின் கட்சியோ 1989இல் தன் தோழர் பலரை அவ்வாறே இழந்த கட்சி. தாய்மாரின் துயரை அறியாதவர் கையில் ஆட்சி இருந்தது என்று கூற வழியில்லை.

தொலைதேசத்தில், ஆர்ஜென்டீனாவின் தலைநகரில், 1977 ஏப்ரல் 30ஆம் நாள் பதினான்கு தாய்மார் மாளிகை முன்றலான மே சதுக்கத்திற் கூடினர். கூட்டமாக நிற்றல் கூடாது, நடவுங்கள் என்று பொலிசார் கூற, அவர்கள் இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தனர். தலையில் வெண்துணி கட்டினர். வியாழக்கிழமைதோறும் அந்நடை தொடர்ந்தது. அவர்களை ஒன்றுகூட்டிய அசுசேனா வில்யாபிளோர் அவ்வாண்டு டிசம்பரில் தாமும் கடத்தப்பட்டார். அவர் எலும்புகள் அடையாளங் காணப்பட்டது 2005இல். பிற்காலத்தில் அந்நாட்டிற் படைத்தலைவர்கள் கூண்டில் நிறுத்தப்பட்டுப் பெயர் சொல்லித் தண்டிக்கப்பட்டனர். ‘எவரால்’ என்ற இடம் அங்கே ஓரளவு நிரப்பப்பட்டது.

நம் கதைகளிலும் அவ்விடம் நிரம்பியிருக்கின்றது. நந்திக்கடலின் அருகே வற்றாப்பளையிற் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கேற்றும் மரபு உண்டு. வட்டுவாகலிலிருந்து அது நெடுந்தூரம் அன்று. அந்த அம்மன் ஒற்றைச் சிலம்பை ஏந்தி அரசவைக்குச் சென்றவள். அவள் வழக்கு வென்றது சிலம்பு உடைந்ததனால் மட்டுமன்று. குற்றம் புரிந்தவன் தானே என்று பாண்டியன் தன் வாயாற் கூறியதனால். இத்தீவின் மகாவம்சமோ, அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனின் படுக்கைத் தலைமாட்டில் மணியொன்று தொங்கியது என்றும், கன்றை இழந்த பசு வந்து அம்மணியை அசைத்தது என்றும், தேரோட்டியவன் தன் ஒரே மகன் என்று அறிந்தும் அரசன் முறைசெய்தான் என்றும் கூறுகின்றது. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் படித்து வளரும் கதை இது.

2023 யூன் 29ஆம் நாள் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 யூலை வரை நடந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. செய்தி பரவியதும் தாய்மார் அங்கே சென்றனர். அவர்கள் மன்றாடியது எதனை? தன் பிள்ளையின் உடை அங்கே இருக்கக்கூடாது என்பதும் அதே தாயின் வேண்டுதல். இருந்தால் தனக்குத் தெரியவேண்டும் என்பதும் அதே தாயின் வேண்டுதல். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியிற் சிறு பிள்ளையின் புத்தகப்பை ஒன்று மண்ணிலிருந்து வந்தபோது வன்னியிலிருந்தும் கண்கள் அதனையே நோக்கின. நீதிமன்ற ஆணைப்படி அவ்வாண்டு ஆகஸ்டில் உடைகளும் பொருள்களும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. வரிசையில் நின்று பார்த்துச் சென்றோருள் முதியவர்கள் பலர்.

அம்முதியவர்களின் தொகை குறைந்துகொண்டே வருகின்றது. போராட்டம் தொடங்கியபின் விடை அறியாமலே இறந்த பெற்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர். பிள்ளைகளின் படங்களுக்கு அருகே அவர்களின் படங்களும் இப்போது தொங்கவிடப்படுகின்றன. தாயின் பெயர்க்குக் கீழே இறந்த தேதி எழுதப்படுகின்றது. மகனின் பெயர்க்குக் கீழே அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கின்றது.